ஆறு சிலிண்டரா, நாலு சிலிண்டரா

லிஃப்ட் கம்பெனியில் அவருக்குப் பெயர் தராசு. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எதையும் இன்னொன்றின் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பார்க்காமல் அவரால் ஒரு முடிவுக்கும் வர முடியாது. படுக்கையறைக்கு ஒரு மின்விசிறி வாங்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். இறக்கையின் நீளம், மோட்டாரின் எடை, சுற்றும்போது வரும் சத்தம் என்று கட்டம் கட்டமாக எழுதி, அலசி ஆராய்ந்து, இதுதான் என்று அவர் முடிவு செய்தபோது வெயில் காலமே முடிந்துவிட்டிருந்தது.

அவர் மனைவி ஒரு மருத்துவமனையில் நோயாளி வேன் ஓட்டுகிறாள். டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றி வந்து, சிகிச்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவது இருபத்திரண்டு வருட வேலை. கையில் ஊசி குத்திய இடம் இன்னும் கசிந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்டவர்களை அலுங்காமல் குலுங்காமல் வீடு சேர்க்க வேண்டும். அவள் ஐந்தடிக்கு மேல் அரை விரற்கடை உயரம், இடது முழங்காலில் பழைய வலி, நாக்கில் மட்டும் குறையொன்றும் இல்லை.

"எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாக்குற மனுஷன், என்னை மட்டும் எப்படி ஒப்பிடாம கட்டிக்கிட்டீங்க?" என்று ஒருமுறை கேட்டாள்.

"ஒப்பிட வேற யாரும் ஒத்துக்கலையே" என்றார் அவர். சொல்லிவிட்டு, அவள் சிரிக்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். நேருக்கு நேர் பார்ப்பது அவர் பழக்கத்தில் இல்லை. முப்பது வருடக் குடித்தனத்தில் பாதியை அவர் ஓரக்கண்ணாலேயே நடத்திவிட்டார்.

வீட்டை ஒட்டிய ஷெட்டில் அவருடைய கார் நின்றது. ஜப்பானில் பிறந்த வெள்ளை நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, பொத்தானை அழுத்தினால் மூடியிலிருந்து எழுந்து பார்க்கும் முன்விளக்குகள். பழைய சொந்தக்காரர் ஆயில் இல்லாமல் ஓட்டி எஞ்சினுக்குச் சமாதி கட்டிய பிறகு, வெறும் கூடாகத்தான் தராசு அதை வாங்கினார். அது நடந்து பதினோரு வருடம். துரு எடுத்தாயிற்று, பெயிண்ட் அடித்தாயிற்று, பிரேக், வயரிங், சஸ்பென்ஷன் எல்லாம் புதிது. எஞ்சின் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக, துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி பளபளத்தது. ஏனென்றால் எந்த எஞ்சினை வைப்பது என்று ஐயா இன்னும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கென்று ஒரு நோட்டு உண்டு. நீல அட்டை, இருநூறு பக்கம், ஏறக்குறைய முழுவதும் எழுதியாயிற்று. காரோடு கூடப் பிறந்த நாலு சிலிண்டர் எஞ்சினைப் பற்றி முப்பது பக்கம் இருந்தது. லேசானது, சொன்ன பேச்சு கேட்கும், கழற்றி மாட்ட எதையும் வெட்ட வேண்டாம். ஆனால் மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். அதன் தம்பி ஒன்று, டர்போ வைத்தது. சக்தி இரண்டு மடங்கு, சூடும் அதே அளவு. வி-எட்டு என்கிற அமெரிக்க எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பற்றி ஒரு நீண்ட விசாரணை. அலுமினியம் என்பதால் பலரும் நினைப்பதைவிட எடை குறைவு, ஆனால் புகைக்குழாய் போகிற வழியில் ஸ்டீயரிங் தண்டு நிற்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலே, தனியாக, ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் நிற்கும் டர்போ. இரும்புப் பிளாக். எவ்வளவு சக்தி ஏற்றினாலும் தாங்கும் என்று ஊர் உலகமெல்லாம் கொண்டாடும் எஞ்சின். கனமோ கனம்.

அங்கேதான் தராசின் தொழில் புத்தி குறுக்கே வந்தது. லிஃப்டில் ஏறுகிறவர்கள் மோட்டார்தான் தங்களைத் தூக்குகிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் பாதி வேலையைச் செய்வது மறுபக்கம் தொங்கும் எதிர் எடை. அது சரியாக இருந்தால் சின்ன மோட்டாரும் சிரித்துக்கொண்டே இழுக்கும். தப்பாக இருந்தால் எவ்வளவு பெரிய மோட்டாரும் முனகும். காரும் அப்படித்தான் என்பது அவர் கட்சி. மூக்கில் ஒரு மூட்டையை ஏற்றிவிட்டு வளைவில் திரும்பு என்றால் எப்படித் திரும்பும்?

இந்தக் கட்சிக்கு எதிர்க்கட்சி ஆறுமுகம். அதுவும் சொந்தப் பெயர் இல்லை. பழைய ஜப்பான் கார்களை உடைத்து எஞ்சின் விற்கிறவர். ஆறு சிலிண்டருக்குக் குறைந்ததை எஞ்சின் என்றே ஒப்புக்கொள்ளாததால் வந்த பட்டம். அவருடைய யார்டில் ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் தார்ப்பாய்க்கு அடியில் ராஜமரியாதையோடு இருக்கும். நாலு சிலிண்டர்கள் மூலையில், உடைந்த கதவுகளுக்கு நடுவே, தூசி படிந்து கிடக்கும். தராசு மாதம் ஒருமுறையாவது அங்கே போவார், டேப் எடுத்து அளப்பார், நோட்டில் எழுதுவார், டீ குடிப்பார், திரும்பி வருவார். "அண்ணே, உங்க நோட்டு தீர்ந்துபோனா காரை வித்துடுவீங்களா, இல்ல இன்னொரு நோட்டு வாங்குவீங்களா?" என்று ஆறுமுகம் கேட்பார். தராசு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது போல யோசிப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர் கதவு நிலைகளில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். பெஞ்சின் மீது இடது பக்கம் வைத்த ஸ்பானர் காணாமல் போகும். உடன் வேலை செய்கிறவர் எடுத்துக் கொடுத்தால், அங்கேயேதான் இருந்தது என்பார். கம்பெனியில் வருடாந்தரப் பரிசோதனை செய்தவர்கள் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள்.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். தராசு கவனமாக அழுத்தினார். நடுநடுவே நெடுநேரம் புள்ளியே வரவில்லை. மிஷின் பழசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். டாக்டரம்மா அச்சிட்ட தாளைக் காட்டியபோதுதான் தெரிந்தது, புள்ளிகள் வந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன. இரண்டு கண்ணுக்கும் பார்வையின் ஓரம் கறுப்பாக இருந்தது, இடது பக்கம் இன்னும் அதிகமாக.

கண்ணுக்குள் அழுத்தம், போன பார்வை போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து காப்பாற்றும் என்று டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். ஏழு மாதத்தில் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது இந்தப் பரிசோதனைத் தாளைக் கேட்பார்கள், தேறாது என்றார். அதுவரைக்கும்கூட வண்டி ஓட்டாதீர்கள் என்றும் சொன்னார். தராசின் காதில் ஏழு மாதம் என்பது விழுந்தது. அடுத்து சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பயந்துபோன மனிதன் என்ன செய்வான் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இவர் மருத்துவமனையிலிருந்து நேராக ஆறுமுகத்தின் யார்டுக்குப் போனார். தார்ப்பாயை விலக்கச் சொன்னார். டேப் எடுக்கவில்லை, நோட்டைத் திறக்கவில்லை. "இதுதான்" என்றார். ஆறு சிலிண்டர், டர்போ, கியர்பாக்ஸோடு. ஆறுமுகத்துக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கட்சி மாறி வந்தவரை வரவேற்பது போல டீயோடு பிஸ்கட்டும் வரவழைத்தார்.

எதிர் எடை பற்றிய தத்துவமெல்லாம் எங்கே போனது? ஏழே மாதம்தான் ஓட்டக் கிடைக்கும் என்றால், இருப்பதிலேயே பெரியதை ஓட்டிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. பதினோரு வருடம் தள்ளிப்போட்டதன் ஆத்திரமும் அதில் இருந்தது. வீட்டில் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருந்துப் புட்டியை ஷெட்டில், ஸ்க்ரூ டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தார்.

மனைவிக்கு அன்றே சந்தேகம் வந்துவிட்டது. மின்விசிறிக்கு மூன்று வாரம் எடுத்தவர் எஞ்சினுக்கு ஒரு மணி நேரம்கூட எடுக்கவில்லை என்றால் ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கேட்டால் சொல்கிற ஆளும் அவர் இல்லை என்பதும் தெரியும். கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டு இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆறுமுகம் வந்தார். ஆறு சிலிண்டர் நீளமானது; எஞ்சின் அறையின் பின்சுவரைத் தட்டி உள்ளே தள்ளினார்கள், ரேடியேட்டரை முன்னால் நகர்த்தினார்கள். எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை வெட்டி வேறு மாதிரி வெல்டிங் செய்தார்கள். எல்லாம் முடிந்து இறக்கி வைத்தால், கார் மூக்கை மூன்று விரல் தாழ்த்திக்கொண்டு, ஏதோ தப்பு செய்துவிட்டு நிற்பது போல் நின்றது. பேட்டரியைக் கழற்றிப் பின்னால் டிக்கியில் வைத்தார்கள். ஒரு விரல்தான் எழுந்தது. தராசு அதைப் பார்த்துவிட்டு அடுத்த போல்ட்டை முடுக்கப் போனார்.

ஐந்தாவது மாதம் எஞ்சின் முதல்முறை உறுமியது. ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. ஆறுமுகத்தின் முகத்தில் பேரன் பிறந்த சந்தோஷம்.

மறுவாரம் ஞாயிறு காலை காரை வெளியே எடுத்தார் தராசு. ஷெட்டு வாசலிலிருந்து தெரு வரை குறுகலான சந்து. வலது பக்கம் சுவர், இடது பக்கம் ஒரு கல் தூண். ஆறுமுகம் தெருமுனையில் நின்று வாங்க வாங்க என்று கையசைத்தார். மருத்துவமனையில் விடிகாலை வேன் நடை முடித்து அப்போதுதான் திரும்பியிருந்த மனைவி, சீருடையைக்கூட மாற்றாமல், தூணில் உரசாமல் இருக்க வழி சொல்வதற்காக இடது பக்கம் வந்து நின்றாள்.

கிளட்ச் கல்லாக இருந்தது. மெதுவாக விட்டார். வலது பக்கத்துச் சுவரைப் பார்த்தார், நேரே ஆறுமுகத்தைப் பார்த்தார். கார் நகர்ந்தது. பதினோரு வருடத்துக்குப் பிறகு அது தன் சொந்த பலத்தில் நகர்ந்தது. அப்போது ஆறுமுகத்தின் முகம் மாறியது. சிரிப்பு அப்படியே உறைந்து, இரண்டு கையும் மேலே போயின. ஏன் என்று தெரியாமலேயே தராசு பிரேக்கை மிதித்தார்.

தலையை முழுவதும் திருப்பியபோதுதான் அவளைக் கண்டார். தூணுக்கும் காருக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பக்கக் கண்ணாடி அவள் முழங்கையில் இடித்து மடங்கியிருந்தது. முன் சக்கரம் அவள் செருப்பின் ஓரத்தை அழுத்திக்கொண்டு நின்றது. கால் மயிரிழையில் தப்பியிருந்தது.

எஞ்சினை அணைத்தார். சந்து திடீரென்று அமைதியானது.

"நான் நின்னது தெரியலையா?"

"இல்ல."

"நில்லுங்கன்னு கை காட்டினேனே."

"அந்தப் பக்கம்…" என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு சொன்னார்: "அந்தப் பக்கம் இப்ப எனக்கு இல்ல."

அவள் அதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக நோயாளிகளோடு போய் வருகிறவள். எத்தனை நாளாக, எந்த டாக்டர், என்ன மருந்து என்று மூன்றே கேள்வி கேட்டாள். அவர் பதில் சொன்னார். ஏழு மாதக் கணக்கையும் சொன்னார். அதுவரை நிதானமாக இருந்த முகத்தில் அப்போதுதான் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எங்கிட்ட மறைச்சதை விடுங்க. என் இடத்துல ஒரு சின்னப்புள்ள நின்னிருந்தா?"

அவர் சாவியை உருவினார்.

காரை உள்ளே எடுக்க வேண்டும். அவர் இனி அந்த ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன் என்று இறங்கிவிட்டார். ஆறுமுகம் தெருமுனையிலேயே குந்திவிட்டார். நகருங்கள் என்று சொல்லி அவளே ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் கால் கிளட்சுக்கு எட்டவில்லை. நுனிவிரல் காற்றில் துழாவியது. சீட்டை முன்னால் தள்ளத் தேடினாள். தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. நாலு கிலோ மிச்சப்படுத்துவதற்காக, சீட்டு நகரும் தண்டவாளத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆறடி உயரக்காரரான தன் காலுக்கு அளந்து சீட்டைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார் தராசு. அது அவருக்குப் பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறார். கடைசியில் மூன்று பேருமாகச் சேர்ந்து, அத்தனை குதிரை சக்தியையும் கையால் ஷெட்டுக்குள் தள்ளினார்கள்.

அதன் பிறகு பல நாள் வீட்டில் பேச்சு இல்லை. காலையும் மாலையும் அவள் வந்து அவர் முகத்தை நிமிர்த்தி, இமையை இழுத்து, சொட்டு மருந்து விடுவாள். இழுப்பதில் கோபம் இருக்கும். நேரம் மட்டும் ஒருநாளும் தப்பாது.

ஒரு விடுமுறை நாளில் தராசு நீல நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். பதினோரு வருடம். கிராம் கணக்கில் எடை, மில்லிமீட்டர் கணக்கில் இடம். சூடு, சத்தம், தேய்மானம், உதிரி கிடைக்குமா, இல்லையா என்று எல்லாம் இருந்தது. ஓட்டப்போகிறவர் யார் என்பதற்கு மட்டும் ஒரு கட்டம் இல்லை. அதைக் கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. வீட்டிலேயே நல்ல டிரைவர் ஒருத்தி, தினமும் பத்து உயிரை அலுங்காமல் கொண்டு சேர்க்கிறவள், இந்த ஷெட்டு வாசலில் எத்தனையோ முறை டீ டம்ளரோடு வந்து நின்றிருக்கிறாள். டம்ளரை வாங்கி வைத்துவிட்டு எஞ்சினைப் பார்த்திருக்கிறார். தன் கண் போனதற்கு அழாதவர் இதற்கு அழுதார். மிச்சமிருந்த கடைசிப் பக்கத்தில் புதிதாகக் கட்டம் போட்டார்.

சாயங்காலம் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது டேப்போடு வந்தார். இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து குதிகால், தரையிலிருந்து கண்.

"எதுக்கு அளக்குறீங்க, சவப்பொட்டி செய்யவா?"

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வேடிக்கை அது. தராசு அளவை எழுதிக்கொண்டார். இடது முழங்காலில் கையை வைத்து, எவ்வளவு அழுத்தினால் வலிக்கிறது என்று கேட்டார். சமையலறைத் தராசைத் தரையில் வைத்து அதன் மேல் பாதத்தை அழுத்தச் சொன்னார். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு அழுத்தினாள்.

ஆறுமுகத்திடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆறைக் கொடுத்துவிட்டு நாலை எடுத்துக்கொண்டு போகிற ஒரு ஆளைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். மேட்டில் மூச்சு வாங்குமே என்றார். தராசு கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். மேலே முதல் கட்டத்தில் "ஓட்டுபவர்" என்று எழுதி, அதன் கீழே உயரம், கால் நீளம், முழங்கால் தாங்கும் அழுத்தம். மற்ற கட்டங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆறு சிலிண்டரின் கிளட்ச் அந்த முழங்காலுக்கு இரண்டு மடங்கு கனம். டர்போ நாலில் சக்தி எப்போது பாயும் என்று சொல்ல முடியாது. அலுங்காமல் ஓட்டுகிறவளுக்கு அது பிடிக்காது. ஆறுமுகம் கட்டம் கட்டமாக விரல் வைத்துப் படித்தார். பிறகு மூலைக்குப் போய், உடைந்த கதவுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, தூசிக்கு அடியிலிருந்து சின்ன எஞ்சினை வெளியே இழுத்தார். "அண்ணிக்குன்னு முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா" என்று முனகிக்கொண்டே அதைத் துடைத்தார்.

வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்ட வேண்டியிருந்தது. தட்டி உள்ளே தள்ளிய பின்சுவரை நிமிர்த்தினார்கள். குறுக்குச் சட்டத்தைப் பழையபடி கொண்டுவந்தார்கள். பேட்டரி முன்னால் வந்தது. எறிந்த தண்டவாளம் கிடைக்காமல், யார்டில் வேறு ஒரு காரிலிருந்து கழற்றி சீட்டுக்கு மாட்டினார்கள். எஞ்சின் இறங்கியதும் கார் நிமிர்ந்து நின்றது. தராசு லிஃப்ட் கூண்டைச் சமன் பார்க்கிற மட்டக்குழலை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் வந்து நின்றது.

ஏழாவது மாதம் லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. புதுப்பிக்கப் போவதில்லை, ஒப்படைக்கப் போகிறேன் என்றார் தராசு. அவளே கூட்டிக்கொண்டு போனாள், அந்த வெள்ளைக் காரில். கவுண்டரில் இருந்த குமாஸ்தா அட்டையை வாங்கி, ஓரத்தை வெட்டி, ரசீது கொடுத்து, எப்படி வீட்டுக்குப் போவீர்கள் என்று அக்கறையோடு விசாரித்தார். ஆள் இருக்கிறது என்றார் தராசு. சொல்லிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் நின்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். முப்பத்தெட்டு வருடம் சட்டைப் பையில் இருந்த அட்டை. அந்தப் பை லேசாக இருந்தது.

திரும்பும்போது அவள் நேர் வழியில் போகவில்லை. ஏரியைச் சுற்றி மலைப்பக்கமாக ஏறும் சாலையைப் பிடித்தாள். மேட்டில் எஞ்சினுக்கு மூச்சு வாங்கியது. ஒரு கியர் இறக்கினாள், பாட ஆரம்பித்துவிட்டது. வளைவு வந்தது. பிரேக்கை எப்போது தொட்டாள், எப்போது விட்டாள் என்று அவருக்குத் தெரியவில்லை. லிஃப்டின் தரையில் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே போய் நிற்கும்வரை அது விழாமல் இருக்கிறதா என்று பார்க்கிற ஆள் அவர். இங்கே நிறுத்தியிருந்தாலும் நின்றிருக்கும் என்று தோன்றியது. கொஞ்சம் மிகைதான், ஆனாலும் தோன்றியது.

"ஆறா இருந்தா இன்னும் வேகமா ஏறியிருக்கும், இல்ல?" என்றாள்.

ஏறியிருக்கும் என்று ஒப்புக்கொண்டார்.

அவள் சிரிக்கிறாளா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. பழக்கத்தில் ஓரக்கண்ணை ஓட்டினார். அங்கே ஒன்றும் இல்லை, மங்கல்தான். அந்த வழி அடைபட்டுவிட்டது. அதனால் உடம்பையே திருப்பி, சீட்டில் சரிந்து உட்கார்ந்து, அவளை நேருக்கு நேராகப் பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த வளைவைக் கவனித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கத்தான் செய்தாள். அவர் பார்வையை எடுக்கவில்லை.

"என்ன இது, என்னையே பாத்துக்கிட்டு? ரோட்டப் பாருங்க."

"ரோட்ட நீ பாத்துக்க" என்றார் தராசு.